சத்தம் போடாத வால்வு

ஜூன் 13. நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகம்.

இன்னும் இரண்டே நாளில் கடல் திறக்கப் போகிறது. ‘கடலுக்கு ஏதுய்யா கதவு?’ என்று கேட்காதீர்கள். ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம். 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. இந்த இரண்டு மாதத்தில்தான் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலையைச் சீர் பார்ப்பார்கள், எஞ்சினைப் பிரித்து மேய்வார்கள்.

நான் போனபோது ஒரு படகில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி முகத்தில் சந்தோஷம். “பாருங்க சார், தையல் மிஷின் மாதிரி ஓடுது. சத்தமே இல்ல!” என்றார்.

எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூ டிரைவர். அதன் முனையை எஞ்சின் ஹெட் மீது வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது... நாலாவதில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: “முதலாளி, நாலாவது டேப்பட்டுல சத்தம் இல்ல.”

“அதான் நானும் சொல்றேன்!”

“அது சரியில்லைன்னு நான் சொல்றேன்.”

எனக்குப் புரியவில்லை. சத்தம் போடுகிற எஞ்சினைப் பார்த்துப் பயப்படுவார்கள். சத்தமில்லாத எஞ்சினைப் பார்த்து ஒரு மெக்கானிக் ஏன் பயப்பட வேண்டும்?

பதிலுக்கு 300 வருடம் பின்னால் போய் வர வேண்டும். ஆனால், அதற்கு முன்னால் நம்ம ஊர் வாய்க்கால் மதகில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம்.

* * *

வால்வு என்றால் என்ன? தஞ்சாவூர்க்காரருக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். மதகு! நேரத்துக்குத் திறக்க வேண்டும். நேரத்துக்கு மூட வேண்டும். திறக்க மறந்தால் பயிர் காயும். மூட மறந்தால் பயிர் அழுகும்.

டீசல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு மதகு. ஒன்று காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு. மற்றொன்று எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வால்வு. நடுவில் இரண்டுமே இறுக மூடியிருக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போதுதான் பிஸ்டன் காற்றை நசுக்கும், காற்று சூடேறும், டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். மதகு லேசாகக் கசிந்தாலும் போச்சு. நசுக்க வேண்டிய காற்று நழுவிவிடும்.

நம் ஊரில் மதகைத் திறந்து மூடுபவருக்கு ‘லஸ்கர்’ என்று பெயர். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை அரசு ஊழியர். வேடிக்கை என்னவென்றால், இது ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் வார்த்தை! படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்ற பாரசீகச் சொல்தான் மூலம். ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகளை ‘லஸ்கர்’ என்றுதான் அழைத்தார்கள். கடலில் பாய்மரம் இழுத்த வார்த்தை, கரையேறி வந்து மதகுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டது.

எஞ்சினுக்குள்ளும் ஒரு லஸ்கர் இருக்கிறார். அவர் பெயர் கேம் ஷாஃப்ட். முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு தண்டு. அது சுற்றும்போது புடைப்பு வந்து டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராட், ஏற்றப் பலகை போலிருக்கும் ராக்கர் ஆர்மின் ஒரு முனையை உயர்த்தும். அதன் மறுமுனை கீழே இறங்கி வால்வைத் திறக்கும். புடைப்பு விலகியதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும். இந்த மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் ‘வால்வு டிரெயின்’ என்று பெயர்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 750 தடவை திறந்து மூடும். ஒரு மணி நேரத்துக்கு 45,000 தடவை. பத்து மணி நேரம் வலை இழுத்தால் நாலரை லட்சம் தடவை! எந்த லஸ்கராலும் முடியாத வேலை.

ஆனால், உலகத்தின் முதல் எஞ்சின் வால்வுகளை மனிதக் கைதான் திறந்து மூடிக்கொண்டிருந்தது என்றொரு கதை உண்டு.

* * *

1712. இங்கிலாந்தில் டட்லி என்ற ஊர்ப் பக்கம் ஒரு சுரங்கம். உள்ளே ஊறும் தண்ணீரை இறைக்க தாமஸ் நியூகாமென் என்பவர் ஒரு நீராவி எஞ்சினை நிறுவினார். ஏற்றம் மாதிரியே மேலும் கீழும் ஆடும் பெரிய உத்தரம். நீராவியை விட ஒரு வால்வு. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் விட இன்னொரு வால்வு.

ஆரம்பத்தில் இவற்றைத் திருப்ப ஒரு பையனை வைத்திருந்தார்களாம். பெயர் ஹம்ப்ரி பாட்டர். விளையாடப் போக ஆசைப்பட்ட பையன், ஆடும் உத்தரத்தில் கயிறு கட்டி, வால்வை அதனோடு முடிச்சுப் போட்டுவிட்டு ஓடிவிட்டானாம். எஞ்சின் தன் வால்வைத் தானே திறந்து மூட ஆரம்பித்துவிட்டது! இது வெறும் கட்டுக்கதை என்பவர்கள் உண்டு. கதை பொய்யாக இருக்கலாம். ஆனால், எஞ்சின் தன் மூச்சைத் தானே விடக் கற்றுக்கொண்டதுதான் பெரிய திருப்பம் என்ற விஷயம் பொய்யில்லை.

அந்த நீராவி ஒன்றரை நூற்றாண்டு கழித்து நாகப்பட்டினத்துக்கே வந்தது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. ரயில் வந்தால் பட்டறை வர வேண்டுமே! தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1920-களின் பிற்பாதியில் அது திருச்சி பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிறகு நாகையில் அந்தச் சத்தம் அடங்கிப்போனது.

நீராவி ரயிலுக்கும் வால்வு உண்டு. அனுபவப்பட்ட டிரைவர்கள், புகைபோக்கியிலிருந்து வரும் ‘குப்... குப்...’ சத்தத்தை வைத்தே வால்வு சரியாக அமைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். நாலு ‘குப்’பும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வர வேண்டும். ஒன்று நொண்டினால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். டாக்டர்களும் இப்படித்தான். 1816-ல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. அக்கரைப்பேட்டை ஸ்க்ரூ டிரைவர் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி!

* * *

நீராவி எஞ்சின் ஒரு தீனிப்பண்டாரம். போட்ட நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே பெரிய விஷயம். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், 100 ரூபாய் முதலுக்கு 90 ரூபாய் நஷ்டம்.

இந்தக் கணக்கைத் திருத்தியவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள். 1876-ல் நிக்கோலஸ் ஆட்டோ (நம்ம ஊர் ஆட்டோவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) இழு, நசுக்கு, எரி, வெளியேற்று என்று நாலு அடியில் ஓடும் எஞ்சினைச் செய்து காட்டினார். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் எரிபொருளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. உலகம் வாயைப் பிளந்தது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்.

1912-ல் ‘செலாண்டியா’ என்ற டீசல் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குக் கிளம்பியது. புகைபோக்கியே இல்லாத கப்பல்! அடுத்த வருடம் செப்டம்பரில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறிய டீசல் இரவோடு இரவாகக் காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் அவர் உடல் கிடைத்தது. கடலுக்கு எஞ்சின் கொடுத்தவரைக் கடலே எடுத்துக்கொண்டது.

நம் பக்கம் எஞ்சின் முதலில் வந்தது கடலுக்கு அல்ல, வயலுக்கு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ‘ஏற்றத்துக்கும் கவலைக்கும் பதில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கலாம்’ என்று விவசாயிகளிடம் சொல்லிச் சொல்லி ஓட்டிக் காட்டினார். 1946-ல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் கம்பெனி வந்தது. டெல்டாவில் பூமிக்குள் குழாய் இறக்கும் ‘ஃபில்டர் பாயின்ட்’ வந்ததும், வயல்வெளி எங்கும் ‘டுக்... டுக்... டுக்...’

எங்கள் தாத்தாவிடமும் ஒன்று இருந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் வயல். மேட்டூரில் 1934-ல் அணை கட்டி முடித்ததிலிருந்து ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்பது டெல்டாவில் பண்டிகை மாதிரி. ஆனால், எல்லா வருடமும் தண்ணீர் அன்றைக்கே வந்துவிடாது. வராத வருடத்தில் குறுவை நாற்றங்காலுக்கு உயிர் கொடுத்தது அந்த ஆயில் எஞ்சின்தான்.

தாத்தாவுக்கு எஞ்சின் பற்றி ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால், காது உண்டு. டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் கேட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். “மூச்சு மாறுது!” என்பார். ஓடிப் போய்ப் பார்த்தால் டீசல் தீரப் போகும் நேரமாக இருக்கும்.

ஒரு வருடம் எஞ்சினில் ‘டிக்... டிக்...’ என்று மேலே ஒரு சத்தம். வந்து பார்த்த ரிப்பேர்க்காரர் ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகினார். சத்தம் மாயமாக மறைந்தது. தாத்தாவுக்குப் பரம திருப்தி. கைநிறையக் காசும் கொடுத்தார்.

பதினைந்தாம் நாள் எஞ்சின் நின்றது. சுற்றுகிற கைப்பிடியில் அழுத்தமே இல்லை. ஹெட்டைக் கழற்றினால், எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கடித்த முறுக்கு மாதிரி எரிந்து போயிருந்தது. ஸ்பேர் வாங்கி வந்து மாட்டுவதற்குள் நாற்றங்கால் வெடித்துவிட்டது. அந்த வருடக் குறுவை எங்களுக்கு இல்லை. பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அதன் பிறகு அது வீடு திரும்பவில்லை.

சத்தத்தை நிறுத்தினால் எஞ்சின் ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே பல வருடம் ஆனது.

* * *

கடலுக்கு வருவோம். 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐ.நா. சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடம் கேரளாவில் கொல்லத்தை ஒட்டிய நீண்டகரையில் வேலை ஆரம்பமானது. மீனவர்களின் படகில் எஞ்சின் வைப்பது அதில் முக்கியமான வேலை. 1950-களின் பிற்பாதியிலிருந்து தமிழ்நாட்டிலும் அரசாங்கம் கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளை இறக்கியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியது. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் ரஸ்டன், கிர்லோஸ்கர், லேலண்ட் என்று எஞ்சின் பெயர்கள் மீனவர் வாயில் சரளமாகப் புரள ஆரம்பித்தன.

கட்டுமரத்தில் போனவருக்குக் காற்று தெரிந்தால் போதும். நீரோட்டம் தெரிந்தால் போதும். எஞ்சின் வந்ததும் மூன்றாவதாக ஒன்றையும் கற்க வேண்டி வந்தது. அதுதான் ‘டேப்பட்’.

அக்கரைப்பேட்டை அண்ணன் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

“தம்பி, இரும்பு சூடானா நீளும். வால்வும் நீளும். அதனால ராக்கருக்கும் வால்வுத் தலைக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும். எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கால் மில்லியிலேருந்து அரை மில்லி வரைக்கும் வெச்சுக்குங்களேன். ஒரு போஸ்ட் கார்டு கனம். அந்த இடம் இருந்தாத்தான் சூடுல நீண்ட பிறகும் வால்வு நல்லா உக்காரும்.”

“இடம் ஜாஸ்தியானா?”

“ராக்கர் வந்து தட்டும். டிக் டிக்னு கத்தும். வால்வு முழுசாத் திறக்காது. காத்துக் கம்மி, இழுவை கம்மி. ஆனா, அது ஊரைக் கூட்டிச் சொல்லிடும். எவனாவது வந்து பாத்துருவான்.”

“கம்மியானா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சத்தமே வராது. சூடானதும் வால்வு நீண்டு ராக்கர்ல இடிச்சுக்கும். முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புலயே நிக்குது. அது மூடி உக்காந்திருக்கிற நேரத்துலதான் தன் சூட்டை சீட்டுக்குக் கொடுத்து ஆறும். உக்கார விடலைன்னா ஆறாது. சந்து வழியா நெருப்பு பாயும். ஓரம் எரிஞ்சுரும்.”

தாத்தாவின் எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த ரிப்பேர்க்காரர் சத்தத்தைக் குணப்படுத்தவில்லை. வாயைப் பொத்திவிட்டுப் போயிருக்கிறார்!

பி.காம்-ல் எனக்குத் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம் இருந்தது. மெஷின் விலை ஒரு லட்சம், ஆண்டுக்கு 10 சதவிகிதம், பத்து வருடத்தில் பூஜ்யம் என்று பேரேட்டில் கழித்துக்கொண்டே போவோம். எல்லாத் தேய்மானமும் பேரேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். எஞ்சினில் அப்படியில்லை. கேம், டேப்பட், ராக்கர் இவை தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். வால்வு உட்காரும் சீட் தேய்ந்தால் நேர் எதிர். வால்வு ஹெட்டுக்குள் அமிழும், அதன் வால் ராக்கரை நோக்கி மேலே ஏறும், இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். ஒரு தேய்மானம் கத்துகிறது. இன்னொரு தேய்மானம் நடிக்கிறது.

அந்த நடிப்பைக் கண்டுபிடிக்கத்தான் பரீட்சைகள். காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறதா? கிளம்பும்போது வெள்ளைப் புகை தள்ளுகிறதா? காற்று போகும் வாயில் திருப்பி ஊதினால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் ‘புஸ்... புஸ்...’ என்று கூடுதலாக ஒரு பெருமூச்சு வந்தால் எக்ஸாஸ்ட். நீலப் புகை வந்தால் வால்வு கைடு வழியாக ஆயில் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

பிறகு, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டராக டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்தி டீசலை நிறுத்துவார். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் தடுமாறும். கெட்ட சிலிண்டரை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. வேலை செய்யாத ஆள் லீவு போட்டால் ஆபீஸுக்கு என்ன நஷ்டம்!

அன்றைக்கு நாலாவதை நிறுத்தினார். எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.

* * *

இந்த மெக்கானிக் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்கு அல்ல. 2005 ஜனவரியில். அப்போது நான் பத்திரிகைக்குப் புதுசு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டன் கணக்கில் எடையுள்ள விசைப்படகுகள் ஒன்றின் மீது ஒன்று ஏறிக் கிடந்தன. மூழ்கிய எஞ்சின்களுக்குள் எல்லாம் உப்புத் தண்ணீர்.

அன்று துறைமுகத்தில் ஒருவர் படகு படகாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் போட்ட கூச்சல் இன்னமும் என் காதில் இருக்கிறது. “யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க! கைய வெக்காதீங்க!”

எஞ்சினாவது மிஞ்சியதா என்று பார்க்கும் ஆசையில் ஒவ்வொரு படகுக்காரரும் ஸ்டார்ட்டரை அமுக்கப் போனார்கள். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். வால்வோ, கைடுக்குள் உப்புத் துரு பிடித்து இறுகியிருக்கும். அதைப் புஷ் ராட் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ராடு வளையும். திறந்த நிலையில் இறுகிய வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதவும் கூடும். ஒரு அமுக்கலில் எஞ்சினின் மிச்ச உயிரும் போய்விடும்.

அவர் ஹெட்டுகளைக் கழற்றினார். நல்ல தண்ணீரில் கழுவினார். டீசலில் ஊறப்போட்டார். இறுகிய வால்வுகளை மரச்சுத்தியால் தட்டித் தட்டி, குழந்தையின் பல்லைப் பிடுங்குவது போல வெளியே எடுத்தார். புஷ் ராடுகளை ஒவ்வொன்றாக ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தார். நேரான ராடு வழுக்கிக்கொண்டு ஓடும். வளைந்தது குதித்துக் குதித்துப் போகும். அந்தக் கண்ணாடி, இடிந்துபோன ஏதோ ஒரு வீட்டின் ஜன்னலில் இருந்தது.

மூன்று நாள் அவர் கூடவே சுற்றினேன். எஞ்சின் பற்றி மட்டுமே பேசினார். மூன்றாவது நாள் சாயங்காலம், டீ வாங்கிக் கொடுத்த பையன்தான் காதோடு சொன்னான், அவர் வீட்டில் யார் யார் போனார்கள் என்று. நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. புது எஞ்சின்கள் வந்தன. ஆனால், அந்த ஜனவரியில் பழைய எஞ்சின்கள் மறுபடியும் ‘டுக்’ என்ற சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

* * *

மறுபடியும் ஜூன் 13. முதலாளிக்குக் கோபம். “15-ம் தேதி எல்லா போட்டும் போவுது. 61 நாள் வருமானமில்ல. ஐஸ் சொல்லியாச்சு, டீசலுக்குக் கடன் வாங்கியாச்சு, ஆளுங்களுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஓடற எஞ்சினைப் பிரிக்கச் சொல்றியே! ஒரு தடவை போயிட்டு வந்து பாத்துக்கலாம்.”

அவர் சொல்வதும் நியாயம்தான். தடைக்காலம் முடிந்து முதல் தடவை கடலுக்குப் போகும்போதுதான் நல்ல மீன்பாடு. இரண்டு நாள் தள்ளிப் போனால் பெரிய நஷ்டம். என் காமர்ஸ் மூளையும் அவர் பக்கம்தான் சாய்ந்தது.

மெக்கானிக் வாதாடவில்லை. கிழக்கே கையைக் காட்டினார். “எரிஞ்ச வால்வு ஒடைஞ்சு பிஸ்டன் மேல விழுந்தா எஞ்சின் நிக்கும் முதலாளி. எங்க நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

நாகைக்குத் தெற்கே கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். நடுவில் 1974-லும் 1976-லும் இரண்டு ஒப்பந்தங்களில் கிழித்த கடல் எல்லை. தண்ணீரில் கோடு தெரியாது. எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். ‘பழுதாகி மிதந்து வந்தோம்’ என்று ரோந்துக் கப்பலுக்குப் புரியவைப்பது எளிதல்ல. அப்படிப் பிடிபட்டவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானே செய்தி எழுதியிருக்கிறேன். ஆள் திரும்பி வந்தாலும் படகு திரும்பி வருமா என்பது சந்தேகம். அரை மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இத்தனையும் அடக்கம்.

முதலாளி கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பிரி” என்றார்.

எஞ்சின் ஆறியதும் மேல்மூடியைக் கழற்றினார்கள். ஃபீலர் கேஜின் தகட்டை ஒவ்வொரு ராக்கரின் கீழும் நுழைத்தார். மற்ற வால்வுகளில் லேசான பிடிப்போடு போய் வந்தது. நாலாவது எக்ஸாஸ்ட்டில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. ஹெட்டைத் தூக்கி அந்த வால்வை வெளியே எடுத்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். வட்டத்தின் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவுக்குக் கடி. அதிலிருந்து நடுவை நோக்கி முடி மாதிரி ஒரு விரிசல்.

மெக்கானிக் எதுவும் பேசாமல் அதை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

15-ம் தேதி விடிவதற்குள் மற்ற படகுகள் வரிசையாகக் கிளம்பின. இந்தப் படகு மட்டும் கரையில் நின்றது. புது வால்வு போட்டு, பேஸ்ட் தடவி சீட்டில் தேய்த்து உட்காரவைத்து, இடைவெளி வைத்து முடித்தபோது 17-ம் தேதி ஆகிவிட்டது. இப்போது எஞ்சினைப் போட்டால் மேலே லேசாக ‘டிக்... டிக்...’ என்று கேட்டது. முதலாளி அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“ரெண்டு நாள் வருமானம் போச்சுய்யா.”

ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே மெக்கானிக் சொன்னார்:

“போனது வருமானம்தானே முதலாளி.”